குதிரை வெள்ளியைக் கீழே வைக்காதது குறித்து

என் பெயரும் தகப்பனார் பெயரும் இந்தக் காகிதத்தின் தலைப்பில் காவல் நிலைய எழுத்தரால் எழுதப்பட்டு, என்னால் சரிபார்க்கப்பட்டன. வயது ஐம்பத்து மூன்று. மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருக்கிறேன். தலைமையாசிரியர் பதவி எனக்கு வந்திருக்க வேண்டியது, வரவில்லை. அது இந்த விசாரணைக்குத் தேவையில்லை என்று எழுத்தர் சொன்னார். நான் எப்படிப்பட்ட ஆள் என்று எதிர்த்தரப்பு ஏதேதோ சொல்லியிருப்பதால் தேவைதான் என்று நான் சொன்னேன். தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்தில் மாடி வீட்டில் மனைவியுடன் குடியிருக்கிறேன். மகள் வெளியூரில் வேலையில் இருக்கிறாள். என் மேல் இதற்கு முன் புகார் எதுவும் இல்லை. நான் கொடுத்த புகார்கள் சில உண்டு.

இன்று விளையாட்டரங்கில் நடந்த நாணயக் கண்காட்சியில் ஒரு வியாபாரியின் மேசையிலிருந்து வெள்ளி நாணயம் ஒன்றை எடுத்துத் திருப்பித் தர மறுத்ததாக என் மேல் புகார் சொல்லப்பட்டிருக்கிறது. எடுத்தேன் என்பது சரி. திருப்பித் தர மறுத்தேன் என்பதும் சரி. திருடினேன் என்பது பொய்.

மேற்படி நாணயத்தைக் குதிரை வெள்ளி என்று சொல்வார்கள். ஒரு பக்கம் ராஜாவின் தலை, மறு பக்கம் குதிரை. வழக்கமாகக் குதிரை வலப்பக்கம் பார்க்கும். அச்சில் நேர்ந்த பிழையால் சில நாணயங்களில் மட்டும் இடப்பக்கம் பார்க்கும். சேகரிப்பவர்கள் தேடி அலைவது அந்தச் சிலவற்றைத்தான். என் மனைவிக்கு அவளுடைய தாய்மாமன் இடப்பக்கக் குதிரை ஒன்றை வளையம் பற்றவைத்துச் சங்கிலியில் கோத்துக் கொடுத்திருந்தார். சிறு வயது முதல் அது அவள் கழுத்தில் கிடந்தது. எங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், இதே அரங்கில் நடந்த இதே சங்கத்தின் கண்காட்சிக்கு, அதன் மதிப்பைத் தெரிந்துகொள்வதற்காக மட்டும் அதை எடுத்துச் சென்றேன். அங்கே இந்தப் புகாரைக் கொடுத்திருக்கும் வியாபாரியைச் சந்தித்தேன். கழுத்தில் கயிறு கட்டி லென்ஸ் ஒன்றைத் தொங்கவிட்டிருப்பதால் அவரைப் பூதக்கண்ணாடி என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். அவர் நாணயத்தைப் பார்த்துவிட்டு, வளையத்தோடு இருந்தால் எதுவும் சொல்ல முடியாது, எடுத்துவிட்டு மறுநாள் வாருங்கள் என்றார். அதன்படி நகைப் பட்டறையில் வளையத்தை எடுத்துவிட்டு மறுநாள் போனேன். அதன் பிறகு அவர் லென்ஸை என் கையில் கொடுத்து, பற்றவைப்பு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் உள்ள சிறு குழிகளைக் காட்டி, “வெள்ளி அசல் சார், காசு வார்ப்பு. உருக்கி ஊத்தினா இப்படித்தான் குமிழி விடும். நீங்க கெமிஸ்ட்ரி சார், உங்களுக்கு நான் சொல்லணுமா?” என்றார்.

உலோகத்தைப் பற்றி என்னால் சோதித்துச் சொல்ல முடியும். அது எந்த முறையில் நாணயமானது என்பது அவருடைய தொழில். போலி ஒன்றை வீட்டில் வைத்திருக்க எனக்கு விருப்பமில்லாததால் அன்றைய வெள்ளி விலைக்கு எடை போட்டு அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். அந்தக் கொள்கை இப்போதும் எனக்குச் சரியாகவே படுகிறது. தவறு, பொய் சொன்னவருடையது. அந்தக் குழிகள் பற்றவைத்த சூட்டில் வந்தவை என்பது அவருக்கு அன்றே தெரியும்.

என் மனைவி சண்டை போடவில்லை. அதன் பிறகு நான் கத்தரிக்காய் வாங்கி வந்தால் “லென்ஸ் வெச்சுப் பாத்தீங்களா?” என்று கேட்பாள். மகளுக்கு வரன் பார்க்கப் போனபோது, “பையன் வார்ப்பா, அசலா? சார்கிட்டக் காட்டிட்டு முடிவு பண்ணுவோம்” என்றாள், அதுவும் அவர்கள் வீட்டுக் கூடத்தில். என் சகலை ஒவ்வொரு விசேஷத்திலும் தன் மனைவியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, “சகல, இவ அசல்தானான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். எல்லோரையும்விட நீளமாகச் சிரிப்பவள் என் மனைவி. சங்கிலியை அவள் இன்றும் வெறுமையாகவே போட்டிருக்கிறாள்.

அதன் பிறகு ஊரில் நடக்கும் ஒவ்வொரு கண்காட்சிக்கும் தவறாமல் போனேன். பெரும்பாலும் எதுவும் வாங்குவதில்லை. விற்பவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று நின்று பார்ப்பேன். விலையை முதலில் சொல்பவன் தோற்பான். பிடித்த நாணயத்தைக் கேட்பதற்கு முன் பிடிக்காத இரண்டைக் கேட்க வேண்டும். “காலைலதான் ஒருத்தர் கேட்டுட்டுப் போனாரு” என்று சொன்னால் யாரும் கேட்கவில்லை என்று பொருள். பேரம் படியாமல் எழுந்து போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிட வைப்பது நடையில் இருக்கிறது, வேகமாகப் போனால் கூப்பிட மாட்டார்கள்.

இந்த விசாரணைக்கு முக்கியமான இரண்டு வழக்கங்களை இங்கே குறிப்பிடுகிறேன். முதலாவது, நாணயத்தை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குத் தருவதில்லை. மேசை விரிப்பில் வைக்க வேண்டும், அடுத்தவர் எடுத்துக்கொள்ள வேண்டும். வைத்துவிட்டால் பேரம் முடிந்தது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒருவர் கையில் இருக்கும்வரை வேறு யாரும் விலை கேட்கக் கூடாது, விற்பவரும் வேறு யாருக்கும் சொல்லக் கூடாது. இரண்டாவது, வாங்குபவர் வைத்த பணத்தை விற்பவர் தொட்டுவிட்டால் வியாபாரம் முடிந்துவிட்டது. இவை சங்கத்தின் விதிகளாக அரங்கின் வாசலிலேயே ஒட்டப்பட்டிருக்கின்றன.

இன்று பூதக்கண்ணாடியின் மேசையில், கண்ணாடி மூடி போட்ட தட்டின் நடுவில், அந்த இடப்பக்கக் குதிரையைப் பார்த்தேன். பக்கத்தில் ஓர் அட்டையில் ‘அசல், மிக அரிது’ என்றும் அதன் கீழே விலையும் எழுதியிருந்தது. மேல் விளிம்பில் எள் அளவு பற்றவைப்புத் தடம் இருந்தது. அவருடைய மருமகன் தட்டைத் திறந்துகொண்டிருந்தார். எதிரே மருந்துக்கடை முதலாளி ஒருவர் பையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கை நீட்டுவதற்குள் நான் எடுத்துக்கொண்டேன். விளிம்பைப் பிடித்துத்தான் எடுத்தேன். நாணயத்தை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

பூதக்கண்ணாடிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஒன்பது ஆண்டுகளாக அவர் மேசையைக் கடந்துபோகிறவனை அவர் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை என்பதை இங்கே பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். நான் பற்றவைப்புத் தடத்தின் பக்கத்தைக் காட்டி, குழி குழியாக இருக்கிறதே, வார்ப்பு மாதிரித் தெரிகிறதே என்றேன். அதற்கு அவர், “வார்ப்பா? நல்லாப் பாருங்க சார், அது சூடு பட்ட இடம். பொம்பளைங்க கழுத்துல கெடந்த காசு, வளையம் எடுத்த தடம். ஓரத்தப் பாருங்க, அச்சுல அடிச்சது. வார்ப்ப இந்தக் கை தொட்டதே இல்ல” என்று மருந்துக்கடை முதலாளி முன்னிலையில் சொன்னார். முதலாளியும் அதைக் கேட்டுத் தலையாட்டினார்.

அதன் பிறகு, இதே மேசையில் இதே நாணயத்தை வார்ப்பு என்று சொல்லி என்னிடம் எடைக்கு வாங்கியது யார் என்று கேட்டேன். அவர் லென்ஸை எடுத்து என் முகத்தைப் பார்த்தார். நாணயம் பார்க்கும் லென்ஸில் மனித முகம் தெரியாது. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை என்பதை அதிலிருந்து புரிந்துகொண்டேன்.

முதலில் என்னைப் பார்த்ததே இல்லை என்றார். அதன் பிறகு அது வேறு காசு என்றார். அதன் பிறகு குரலைத் தாழ்த்தி, அட்டையில் எழுதியதில் பாதிக்குத் தருவதாகச் சொன்னார். நான், “எடைக்கு வாங்குனீங்க, எடைக்கே குடுங்க. போலின்னா அதுதான் வெல. அசல்னா, அன்னிக்குப் பொய் சொன்னேன்னு இவங்க முன்னால சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு” என்றேன். அதன் பிறகு, இன்றைய வெள்ளி விலைப்படி பணத்தை இடது கையால் எடுத்து விரிப்பின் மேல் வைத்தேன். அவர் உடனே இரண்டு கைகளையும் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டார். தெரியாமல் விரல் பட்டுவிடுமோ என்று பயம்.

நான் நாணயத்தைக் கீழே வைக்கவில்லை, அவர் பணத்தைத் தொடவில்லை. இப்படியே நீண்ட நேரம் இருந்தோம். மருந்துக்கடை முதலாளி இரண்டு முறை தேநீர் குடித்துவிட்டு வந்தும் நாங்கள் அப்படியே இருந்தோம். கை வலித்ததால் நான் விரல்களை மடக்கி நாணயத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். பூதக்கண்ணாடி பதறி, “வேர்வ பட்டா வெள்ளி போயிரும் சார்” என்றார். வேர்வை வெள்ளியை என்ன செய்யும் என்று பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவன் நான். பல ஆண்டுகள் ஒருத்தியின் வேர்வையில் கிடந்த நாணயம் அது, ஒன்றும் ஆகிவிடவில்லை என்று பதில் சொன்னேன்.

அதன் பிறகு சங்கச் செயலாளர் வந்தார். அந்த விதிகளை எழுதியவரே அவர்தான். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “கையில இருக்கிற வரைக்கும் பேரம் நடக்குதுன்னுதான் அர்த்தம். நான் என்னய்யா பண்றது?” என்றார். மருமகன் மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்தார், திருடன் என்ற சொல்லையும் அவர்தான் முதலில் பயன்படுத்தினார். மற்ற மேசைக்காரர்கள் அவரை விலக்கிவிட்டார்கள். அரங்கைப் பூட்ட வேண்டும் என்று விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கிய பிறகு மருமகன் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். காவலர் வந்து அழைத்ததும் நான் மறுக்காமல் நடந்தே வந்தேன். ஓடவில்லை. மறைக்கவில்லை. எழுத்தர் ‘பறித்துக்கொண்டேன்’ என்று எழுதியதை ‘எடுத்துக்கொண்டேன்’ என்று திருத்தச் சொல்லித் திருத்தப்பட்டிருக்கிறது.

இங்கு வந்த பிறகு உதவி ஆய்வாளர் அம்மா அவர்கள் பூதக்கண்ணாடியிடம், பொருளின் விவரம் வேண்டும், நாணயம் அசலா போலியா என்று கேட்டார்கள். அவர் பழைய காசு என்றார். “பழசுன்னு தெரியுது. அசலா, போலியா? ஏதாவது ஒண்ணு சொன்னாத்தானே எழுத முடியும்?” என்று மறுபடியும் கேட்டார்கள். அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அதன் பிறகு சங்கத்தில் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்ப்புச் சொன்னவர் இன்று சங்கத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது. நான் இதைச் சொல்லும் இந்த நேரம்வரை அவருடைய புகாரில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

இதற்கிடையில் செயலாளர் எங்கள் வீட்டுக்குத் தகவல் சொன்னதால், என் மனைவி என் ரத்தக்கொதிப்பு மாத்திரையை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். என்னைப் பார்த்து, “காய் வாங்கப் போனாலே ஏமாந்து வருவீங்க, இப்ப ஸ்டேஷன் வரைக்கும் வந்தாச்சா?” என்று மட்டும் சொன்னாள். உதவி ஆய்வாளர் அம்மா நாணயத்தைக் காட்டாமலே, உங்களுடையது எப்படி இருக்கும் என்று அவளைக் கேட்டார்கள். அவள் யோசிக்கவே இல்லை. “ராஜாவுக்கு மூக்கு இருக்காதும்மா. அந்தப் பக்கந்தான் நெஞ்சப் பாத்துக் கெடக்கும், தேஞ்சு போச்சு. குதிர மட்டும் புதுசு மாதிரி இருக்கும், பிடரி மயிர எண்ணிடலாம்” என்றாள்.

நான் கையை விரித்தேன். உதவி ஆய்வாளர் அம்மா டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ராஜாவுக்கு மூக்கு இல்லை. நான் விளிம்பைப் பிடித்துத் திருப்பிக் காட்டினேன், குதிரையின் பிடரி மயிர் தெளிவாக இருந்தது. பூதக்கண்ணாடி, “தேய்மானம்னா எல்லாக் காசுலயும்தான் மேடம் இருக்கும்” என்றார். “ஒரு பக்கம் மட்டுமா?” என்று அவர்கள் கேட்டதும் அவர் லென்ஸ் கயிற்றைச் சரிசெய்துகொண்டார். என் மனைவி எட்டிப் பார்த்தாள், தொடவில்லை. அதன் பிறகு சுவரோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு கழுத்துச் சங்கிலியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு உதவி ஆய்வாளர் அம்மா அவர்கள், வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டும், நாணயத்தை மேசையில் வையுங்கள் என்றார்கள். நான் மறுத்தேன். “இது ஸ்டேஷன் சார், கண்காட்சி இல்ல” என்றார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் பூதக்கண்ணாடி உட்கார்ந்திருக்கிறார். அரங்கில் மார்போடு ஒட்டிக்கொண்டிருந்த அவருடைய கைகள் இப்போது மேசை விளிம்பில் இருக்கின்றன. நாளை நீதிமன்றம் கேட்டால், ‘இவர் கையிலிருந்து பெறப்பட்டது’ என்று எழுதிக்கொண்டு எடுத்துக்கொள்ளட்டும், தருகிறேன். மேசையில் கிடந்ததை எடுத்ததாக இருக்கக் கூடாது.

அப்போது பெஞ்சிலிருந்து என் மனைவி, “வெச்சுடாதீங்க” என்றாள்.

இந்த விஷயத்தில் ஒன்பது ஆண்டுகளில் அவள் எனக்குச் சாதகமாகச் சொன்ன முதல் சொல் இது என்பதால் இதையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொண்டேன். வழக்குக்குத் தேவையில்லை என்று எழுத்தர் இந்த முறை சொல்லவில்லை.

யாருடைய கட்டாயமும் இல்லாமல், சுயநினைவோடு நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதைப் படிக்கக் கேட்டேன். சொன்னபடியே இருக்கிறது. நடந்தது அத்தனையும் இதுதான், இதற்காக எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. வலது கை வேலையாக இருப்பதால் இடது கையால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கோணலாக இருக்கிறது என்பதற்காக இதைப் போலி என்று யாரும் சொல்ல வேண்டாம்.

(இடது கைக் கையொப்பம்)