செல்வம் அண்ணன் கேட்ட எள்ளு

"ஹலோ... ஆங், கேக்குது, கேக்குது. வ அலைக்கும் ஸலாம்... இல்லங்க, வேலை ஒண்ணும் இல்ல. அடுப்படியிலதான் நிக்கிறேன். நீங்க சாப்டீங்களா?"

மதியம் ஒரு மணிக்கு நசருல்லாவின் போன் வரும் என்பது அந்த வீட்டில் கடிகாரம் பார்க்காமலே தெரியும். பதினேழு வருஷமாக ஓசூரில் ஒரே கம்பெனி, ஒரே லைன், ஒரே சாப்பாட்டு நேரம். பெண்டாட்டியிடம் அரை மணி நேரம் பேசுவான். ஒன்றரைக்குச் சைரன் அடிச்சிருச்சு என்று வைத்துவிடுவான். இன்றைக்குப் போனை எடுக்கவே கூடாது என்று சுக்ரா காலை பத்தரையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். மணி அடித்ததும் கை தானாகப் போய் எடுத்துவிட்டது.

"பருப்புல உப்பு சரியா இருந்துச்சா?... ம். ம்ம். அப்ப சரி... எங்க, கேன்டீன்லயா உக்காந்திருக்கீங்க?... ஃபேனுக்கு அடியிலயா. ஆமாமா, இடம் கெடைக்கிறது கஷ்டம்தான்."

காலையில் அவள் உழவர் சந்தைக்குப் போயிருந்தாள். வேர்க்கடலை வாங்கத்தான். தீபாவளி முடிந்து நாலு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் கொடுத்தனுப்பிய கிரனோலா பாட்டில் செல்வம் வீட்டில் காலி, இன்னொன்று கேட்கிறார் என்று நேற்றுதான் நசருல்லா வந்து சொல்லியிருந்தான். அந்தச் செல்வமே சந்தை வாசலில் வெங்காயப் பையோடு எதிரே வந்தார். நசருல்லாவின் லைன் லீடர். இந்த வாரம் நைட் ஷிஃப்ட், இப்பதான் வீட்டுக்குப் போறேன் என்றார். சுக்ரா முகமெல்லாம் சிரிப்பாக, இந்தத் தடவை எள்ளு சரியா இருந்துச்சாண்ணா என்று கேட்டாள்.

என்ன எள்ளு என்று கேட்டார் செல்வம். அடுத்து அவர் கேட்டதில்தான் சுக்ராவுக்குச் சந்தையே சுற்றியது. நசருல்லா இப்ப எங்கம்மா வேலை பாக்குறான், ஆடி மாசம் நம்ம லைன்ல பதினோரு பேரை நிறுத்துனதுல இருந்து போன் போட்டாக்கூட எடுக்கறதில்லையே என்றார்.

வேற எடத்துல சேர்ந்துட்டாருண்ணா, நல்லா இருக்காரு என்று சமாளித்துவிட்டு, கடலை வாங்காமலே திரும்பி வந்துவிட்டாள். அதுதான் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. ஏமாந்தவளும் அவள்தான், ஏமாற்றியவனுக்கு முட்டுக் கொடுத்தவளும் அவள்தான். வரும் வழியில் ஒன்று முடிவு செய்தாள். போனை எடுக்க நேர்ந்தாலும் நேரடியாகக் கேட்கப் போவதில்லை. அவன் வாயாலேயே வரட்டும். கதவைத் திறந்து வைப்போம், நுழைகிறானா பார்ப்போம்.

"ஏங்க, செல்வம் அண்ணன் இன்னைக்கு வந்திருக்காரா?... ஓ, வந்திருக்காரு. பக்கத்துலயா இருக்காரு?... கை கழுவப் போயிருக்காரா. சரி, சரி. எள்ளு போதுமாமா அவருக்கு?... ம். வறுத்துப் போட்டதுதான் வாசனையா இருக்குதாமா. பரவால்லயே, ஆளு பெரிய நாக்குதான்."

கிரனோலா என்ற பேரே அந்த வீட்டுக்குப் புதுசு. மகள் சானியா போனில் காட்டிய வீடியோவைப் பார்த்துச் சுக்ரா பிடித்துக்கொண்டது. ஓட்ஸ், கேழ்வரகு அவல், வேர்க்கடலை, பூசணி விதை எல்லாவற்றையும் வெல்லப்பாகிலும் தேனிலும் பிசறி ஓவனில் வைத்து, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கிளறிக் கிளறி எடுக்க வேண்டும். பாலில் போட்டுத் தின்னுகிற மிக்சர் என்று நசருல்லா கிண்டல் செய்வான். ஓவன்கூடக் கம்பெனி வெள்ளி விழாவுக்குக் கொடுத்ததுதான். ரம்ஜானுக்கு இங்கிருந்து லைன்காரர்கள் செல்வம், ராஜ்குமார், கரியப்பன் மூன்று பேர் வீட்டுக்கும் பிரியாணி போகும், தீபாவளிக்கு அங்கிருந்து அதிரசமும் முறுக்கும் வரும். இந்தத் தீபாவளிக்கு நம் வீட்டிலிருந்தும் ஏதாவது போகட்டுமே என்று அவளுக்கு ஆசை.

ஆயுத பூஜைக்கு ருசி பார்க்க ஒரு டப்பா கொடுத்தனுப்பினாள். நசருல்லா மூன்று தகவலோடு வந்தான். செல்வத்துக்கு எள்ளு பத்தவில்லை. ராஜ்குமாருக்குச் சர்க்கரை வியாதி, வெல்லம் ஆகாது. கரியப்பனுக்குக் கடைவாய்ப் பல் இல்லை, இத்தனை மொறுமொறுப்பு வேண்டாம். சுக்ரா மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு தீபாவளிக்கு மூன்று தினுசாக மூன்று ஈடு போட்டாள். மூடியில் மூன்று பேரையும் தன் கையாலேயே எழுதி ஒட்டினாள்.

"கரியப்பன் அண்ணனுக்குக் கடிக்க முடியுதாமா?... ராத்திரியே பால்ல ஊறப் போட்டுருவாரா. நல்லது, நல்லது. ராஜ்குமாரு?... பட்டை வாசம் புடிச்சிருக்குதாமா. சரிங்க."

ஒவ்வொரு பதிலுக்கும் அவள் கொஞ்சம் நேரம் கொடுத்துப் பார்த்தாள். அவன் தடுமாறவே இல்லை. மனப்பாடம் செய்த பையன் மாதிரி ஒப்பித்துக்கொண்டே போனான்.

"ஏங்க... வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா?... இல்ல, சும்மாத்தான் கேட்டேன். மனசுல ஏதாச்சும் இருந்தா சொல்லலாமில்ல... ஒண்ணும் இல்லையா. சரி... பின்னாடி யாரு அது, தெலுங்குல? பொம்பளைக் குரலா இருக்குது. உங்க லைன்ல பொம்பளைங்க ஏது?... கேன்டீன்காரம்மாவா. கேன்டீன்ல எல்லாம் ஆம்பளைங்கதான்னு சொல்வீங்க... என்னது? சைரனா?... மணி ஒண்ணு பத்துதான் ஆவுது... எனக்கு ஒண்ணும் கேக்கலையே... வைக்காதீங்க. வைக்காதீங்கன்னு சொல்றேன்ல. செல்வம் அண்ணனுக்கு இந்த வாரம் நைட் ஷிஃப்ட்டுங்க."

"ஹலோ... ஹலோ. இருக்கீங்களா?... ம்."

"சந்தையில பாத்தேன்... ஆமா... ஆமா, சொல்லிட்டாரு. அவரை எதுக்குக் கோவிச்சுக்கிறீங்க? எனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சுத்தான கேட்டாரு. கட்டுன பொண்டாட்டிக்குத் தெரியாம இருக்கும்னு யாராச்சும் நெனப்பாங்களா?"

குரல் ஏறியதும் அவளே போய் அடுப்படி ஜன்னலைச் சாத்தினாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது. இப்போதுகூட அவன் மானத்தைக் காப்பாற்றுகிறோமே என்று அவள் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"மூணு மாசமா யூனிஃபார்ம் தொவைச்சுத் தேய்ச்சுக் குடுத்தேன். காலர்ல அழுக்கே இல்லையேன்னு கேட்டதுக்கு லைன்ல ஏசி போட்டுட்டாங்கன்னீங்க. நானும் சந்தோசப்பட்டேன். பைத்தியக்காரி... இருங்க, நான் பேசிக்கிறேன். கையெல்லாம் கீறலா வந்துச்சே, இரும்புச் சில்லு பட்டுதுன்னீங்க. உக்காந்து மஞ்சள் அரைச்சுப் போட்டேன்... இப்ப எங்கதான் இருக்கீங்க?... எங்க?... கெலவரப்பள்ளி டேம் பக்கமா. ரோஜாத் தோட்டத்துல... பூப் பொட்டி வண்டியில ஏத்துறதா... ஓ. அப்ப அது அத்தனையும் முள்ளு."

வேலை போனது சுக்ராவுக்கு ஒரு விஷயமே இல்லை. ஓசூரில் வேலை போகாத வீடு எந்தத் தெருவில் இருக்கிறது? போன அன்றைக்கே வந்து சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுதுவிட்டு, மறுநாள் அவளே ஏதாவது ஒரு கம்பெனி வாசலில் போய் நின்றிருப்பாள்.

"சம்பளம்னு குடுத்ததெல்லாம் கம்பெனி குடுத்து அனுப்புன பணமா... சரி, அது கெடக்கட்டும். பணத்தை நான் கேக்கல. பாட்டில் மூணும் எங்க? அதைச் சொல்லுங்க. டேம்ல கொட்டிட்டீங்களா?... கொட்டலையா. அப்ப யாரு தின்னது?... முழுங்காதீங்க, மெதுவாச் சொல்லுங்க. எள்ளு பத்தலன்னு சொன்னது யாரு?"

கேட்டுவிட்டு மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பேச்சு முழுக்க நசருல்லா கட்டியது என்றுதான் காலையிலிருந்து நினைத்திருந்தாள். இல்லாத ஒரு நாக்குக்காக எள்ளைக் கல் பார்த்து, கழுவி, உலர்த்தி, வறுத்திருக்கிறோம் என்ற நினைப்புதான் வேலை போன செய்தியைவிட அவளை அதிகமாக அறுத்தது.

"ஜோதியம்மாளா... இப்ப பேசுன குரலா. பூத் தரம் பிரிக்கிறவங்க... அவங்களா பத்தலன்னாங்க? நெசமாவா?... சர்க்கரை வியாதி யாருக்கு?... மாரிசாமி. வண்டி டிரைவரு. ம். பல்லு இல்லாதது?... வாட்ச்மேனா... கோவிந்தப்பன். அப்ப சொன்னதெல்லாம் நெசம்தான். ஆளைத்தான் மாத்திட்டீங்க."

கிறுக்கு மனசு ஒரு நிமிஷம் குளிர்ந்தது. யாரோ மூன்று பேர் தின்றிருக்கிறார்கள், அவர்களுக்குப் பிடித்தும் இருக்கிறது. அந்தக் குளிர்ச்சி நின்ற இடத்திலேயே போய்விட்டது, ஏனென்றால் அடுத்த கேள்வி அவள் வாயில் வந்து நின்றது.

"மூடியில நான் ஒட்டுன பேரு?... எதால சுரண்டுனீங்க... சாவியால. பஸ் ஸ்டாண்டுல உக்காந்து. சரி... ஏங்க, நீங்க கம்பெனியில இருந்தது, நிறுத்துனது எல்லாம் அவங்களுக்குத் தெரியுமா?... எல்லாத்தையும் சொல்லியிருக்கீங்க. நல்லது. வீட்டுல சொல்லலங்கறது?... அதுவும் தெரியுமா... மூணு பேருக்குமா?"

"அந்தம்மா என்ன சொன்னாங்க... வீட்டுல சொல்லுங்கன்னு தினமும் சொன்னாங்களா. என் மூஞ்சியப் பாக்காதவங்க எனக்காகப் பேசியிருக்காங்க. நீங்க பேசல... இல்ல, நான் கத்தல. கத்தலங்க. நான் செஞ்சதை மூணு பேரும் உக்காந்து தின்னிருக்காங்க. தின்னுக்கிட்டே, பாவம் அந்தப் பொம்பளை, ஒண்ணும் தெரியாம செஞ்சு செஞ்சு அனுப்புதேன்னு பேசியிருப்பாங்க. இல்லையா? அல்லா மேல ஆணையாச் சொல்லுங்க... ம். பேசியிருக்காங்க."

சுக்ராவுக்கு வெட்கமாக இருந்தது. தப்புச் செய்தது அவன், வெட்கம் வந்து உட்கார்ந்தது இவள் மேல். எங்கேயோ ஒரு பூக்கொட்டகையில் மூன்று பேர் அவளுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டே எள்ளு பத்தவில்லை என்றிருக்கிறார்கள். அவளும் ஆகட்டும் என்று அள்ளிப் போட்டிருக்கிறாள்.

"பயமா?... என்னைப் பாத்தா?... நான் என்ன பண்ணியிருப்பேன்னு நெனச்சீங்க... எங்க அண்ணன்கிட்ட போய்ச் சொல்லியிருப்பேன், ஊரக் கூட்டியிருப்பேன். ம். பதினாறு வருசம் கூட இருந்து என்னை இவ்வளவுதான் தெரிஞ்சு வச்சிருக்கீங்க... அழுவாதீங்க. அத்தனை பேருக்கு நடுவுல நின்னு அழுவாதீங்க, அசிங்கம்... இல்ல, நான் அழுவல. வெங்காயம் நறுக்கல, ஒண்ணும் நறுக்கல. சும்மா நிக்கிறேன்."

"என்னது?... யாரு பேசணும்?... வேணாம். போனைக் குடுக்காதீங்க. நான் என்னன்னு பேசறது, குடுக்காதீங்கன்னு சொல்றேன்ல... ஹலோ... ஆங்... வணக்கம்மா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், எதிரில் ஆள் வந்து நிற்கிற மாதிரி. குரலையும் சரி செய்துகொண்டாள்.

"நான்தாம்மா, சுக்ரா... நல்லா இருக்கேன். நீங்க?... தமிழ் நல்லாத்தான் பேசறீங்க, புரியுது... ஆமா. ஆமாம்மா... தெரியும், நீங்க சொல்லச் சொன்னீங்கன்னு இப்பத்தான் சொன்னாரு... இல்லம்மா, நீங்க எதுக்கு மன்னிப்பு கேக்குறீங்க, நீங்க என்ன பண்ணீங்க... எள்ளா? கறுப்பு எள்ளுதான். கழுவிக் காய வச்சு, தனியா வறுத்துட்டு, கடைசியாத்தான் போடணும், இல்லன்னா கசந்துரும்... ஆமா... பாட்டில் காலியாமே, சொன்னாரு. கடலை வாங்கத்தான் காலையில போனேன்."

சுவரில் மாட்டியிருந்த யூனிஃபார்ம் சட்டையைப் பார்த்தாள். நாளைக்கென்று காலையில்தான் தேய்த்து மாட்டியிருந்தாள்.

"இல்ல, இல்ல, லைன்லதான் இருக்கேன்... என்ன பண்றாரு?... முகம் கழுவுறாரா... வேணாம்மா, அவர்கிட்ட குடுக்க வேணாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க... உங்களுக்கு அர்த்தம் புரியாது, அவருக்குப் புரியும். சைரன் அடிச்சிருச்சு, நான் வைக்கிறேன்னு சொல்லிடுங்க."