மாப்பிள்ளைக்கு ஒரு மஞ்சள் கட்டம்

– தாடையைத் தூக்குங்க மாப்பிள்ளை. நெஞ்சு சுவத்தோட ஒட்டணும். தோளை முன்னாடி தள்ளுங்க.

– அத்தை, ஒரு சந்தேகம்.

– பேசாதீங்க. மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. ம், விடலாம்.

– நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கறேன்.

– ஆமா.

– வேலைக்கு அவங்க கேட்டது முகம் தெரியற போட்டோ.

– அட. முப்பது வருஷம் எக்ஸ்ரே எடுத்த கை. ஆளைக் கண்டா தானா திருப்பி நிறுத்திடுது. இந்தப் பக்கம் திரும்புங்க.

– கழட்டின செயினைப் போட்டுக்கட்டுமா?

– வேண்டாம். உலோகம்.

– மணி நாலே கால் அத்தை. அஞ்சு மணிக்கு விண்ணப்பத்தை மூடிடுவாங்க. பழைய வேலை போன நாலு மாசத்துல தேறி வந்த ஒரே வேலை. காலையிலயே அனுப்பிட்டேன்னு உங்க பொண்ணுகிட்ட வேற சொல்லிட்டேன்.

– ரிசப்ஷன்ல உக்காந்து, வர்றவங்களைப் பாத்துச் சிரிக்கற வேலைதானே?

– அதுதான். போன்ல எடுத்து மூணு தடவை அனுப்பினேன். மூணு தடவையும் 'முகம் காணப்படவில்லை'ன்னு சிவப்பு எழுத்துல வருது.

– போன் வேற, இது வேற. ரிடையர் ஆனப்ப ஆஸ்பத்திரியில கொடுத்த கேமரா. அதோட புத்தகத்துல பதினாலு பக்கம் முடிச்சுட்டேன். பொத்தானைப் பாதி அமுக்கினா, முகம் இருக்கற எடத்துல மஞ்சள் கட்டம் வரும். அப்புறம் முழுசா அமுக்கணும். இதோ, வந்துடுச்சு.

– அப்ப எடுங்க.

– உங்க மேல வரல. உங்க காதுக்குப் பக்கத்துல சுவிட்ச்போர்டு இருக்கு பாருங்க, அது மேல வந்திருக்கு.

– சுவிட்ச்போர்டு மேலயா?

– மேல ரெண்டு சுவிட்சு, கீழ ஒரு பிளக் ஓட்டை. லட்சணமாத்தான் இருக்கு.

– இப்ப என்ன சத்தம்? எடுத்துட்டீங்களா?

– நான் அமுக்கல. அதுவா எடுத்துக்குச்சு.

– என்னையா?

– சுவிட்ச்போர்டை.

– வெளிச்சம் பத்தலையோ என்னவோ.

– இருங்க, அப்பர்ச்சரைத் திறக்கறேன். நம்பரைக் குறைச்சா லென்ஸ் ஓட்டை பெரிசாகுமாம்.

– தலைகீழால்ல இருக்கு.

– எக்ஸ்ரேயில எலும்பு வெள்ளை, காத்து கறுப்பு. பழகிட்டா சரியாயிடும். வெளிச்சத்தைக் கூட்டற ஐஎஸ்ஓவையும் ஏத்திட்டேன்.

– இப்ப எப்படி இருக்கேன்?

– பளிச்சுன்னு இருக்கீங்க. மூஞ்சி முழுக்க மணல் அள்ளித் தூவின மாதிரி புள்ளி. கட்டம் அங்கயேதான் நிக்குது. ஷட்டரை மெதுவாக்கிப் பாக்கறேன், அசையாதீங்க.

– அசையல.

– அசைஞ்சிருக்கீங்க. மூணு மூக்கு விழுந்திருக்கு.

– அந்த சுவிட்ச்போர்டு மேல ஒரு துண்டைப் போடுங்க அத்தை.

– போட்டாச்சு.

– இப்ப?

– கட்டமே இல்ல. ரூம்ல யாருமே இல்லங்குது.

– நான் நிக்கறேனே.

– கோச்சுக்காதீங்க மாப்பிள்ளை. பதினஞ்சாம் பக்கம் இப்பத்தான் பாக்கறேன். சிரிக்கற முகத்தைத் தேடித் தானா எடுக்கற மாதிரி யாரோ வெச்சிருக்காங்க. கொஞ்சம் சிரிங்க.

– சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

– எப்பலேர்ந்து?

– நீங்க திரும்பச் சொன்னதுலேர்ந்து.

– இதுவா சிரிப்பு?

– நாலு மாசமா இதுதான். உங்க பொண்ணுகூட ஒண்ணும் சொல்லல.

– சொன்னா. உங்ககிட்ட இல்ல.

– என்ன சொன்னா?

– 'வீட்லதான் இருக்காரும்மா, ஆனா ஆளைக் காணோம்'னு.

– கேமராவும் அதையேதான் சொல்லுது.

– நான் கேமராவைத்தான் சந்தேகப்பட்டேன். அவ சொன்னதைச் சந்தேகப்படல.

– அஞ்சு மணிக்கு ஆறு நிமிஷம் இருக்கு. எடுத்ததுல என்ன தேறும்?

– மூணு மூக்கை அனுப்ப முடியாது. அதுவா எடுத்துக்கிட்டது ஒண்ணு இருக்கு. நடுவுல சுவிட்ச்போர்டு, ஓரத்துல உங்க காது.

– காது தெளிவா இருக்கா?

– கலங்கலா இருக்கு. சுவிட்ச்போர்டு துல்லியமா விழுந்திருக்கு.

– அதையே அனுப்புங்க. திருப்பி அனுப்பட்டும். கடைசி வரைக்கும் முயற்சி பண்ணினேன்னாவது அவகிட்ட சொல்லிக்கறேன்.

– கார்டை கம்ப்யூட்டர்ல சொருகிட்டேன். போகுது. போயிடுச்சு. கார்டைத் திரும்பக் கேமராவுல போட்டாச்சு.

– சிவப்பு எழுத்து வந்துச்சா?

– பச்சை.

– பச்சையா? என்ன போட்டிருக்கு?

– 'முகம் ஏற்கப்பட்டது. வருபவர்களை வரவேற்கத் தகுந்த, கனிவான தோற்றம். நாளை காலை ஒன்பது மணிக்குப் பணியில் சேரவும். படத்தில் உள்ளவர் நேரில் வர வேண்டும்.'

– என்னது?

– மாப்பிள்ளை, அப்படியே நில்லுங்க.

– ஏன் அத்தை?

– வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கறீங்க. கட்டம் உங்க மேல வந்திருக்கு. இந்தா, எடுத்தும் போட்டுடுச்சு.

– மணி என்ன?

– அஞ்சு அடிச்சு ஒரு நிமிஷம். மூடிட்டாங்க.

– பரவாயில்ல. இந்தப் படம் அவளுக்கு இருக்கட்டும். ஸ்குரூடிரைவர் எங்க வெச்சிருக்கீங்க?

– மேல் அலமாரியில. மெயினை அணைச்சுட்டு சுவிட்ச்போர்டை மெதுவாக் கழட்டுங்க. இனிமே இந்த வீட்ல சம்பாதிக்கறவர் அவர்தான்.