வாசலுக்குப் போகாத மாக்கிறட்

இல்லைத் தம்பி, விசர்க்கதை கதையாதேங்கோ. முதல்ல அந்தத் தேத்தண்ணியைக் குடியுங்கோ. கோயில் மண்டபத்தில உங்கட படம் முடிய, அந்த ரீச்சர் எழும்பிக் கேட்டவதானே, புருசனைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள், இந்த மனுசி ஏன் ஆமிக் காம்புக்குப் போய் ஒரு வார்த்தை கேக்கேல்லை எண்டு. நீங்கள் மைக்கைப் பிடிச்சு என்ன சொன்னனீங்கள்? அவவுக்கு நம்பிக்கை விட்டுப்போச்சாம். மௌனம்தான் அவவின்ர எதிர்ப்பாம். சனமும் கை தட்டுது. எனக்கெண்டாச் செருப்பைக் கழட்டினா என்ன எண்டு வந்தது.

என்ன, அந்தப் பாத்திரத்தின்ர மனசோ? அவளுக்கு ஏது மனசு? நில் எண்டா நிப்பாள், இரு எண்டா இருப்பாள். கருவாடு பிரட்டிக்கொண்டு கடலைப் பார் எண்டனீங்கள், பாத்தாள். எங்கட தாழ்வுபாட்டுக் கரையில கருவாடு பிரட்டிற ஆர் கடலைப் பாத்தது? காகத்தையெல்லோ பாக்கிறது!

உங்கட கமராக்காரர் சாப்பிடேக்க எல்லாம் சொல்லிப்போட்டார். காம்ப் வாசல்ல படம் பிடிக்க உங்களை விடேல்லை. அதால அவள் போகேல்லை. அவ்வளவுதான். ஏலாமப் போனது உங்களுக்கு, மௌனம் மட்டும் அவளுக்கோ? இதை அந்த ரீச்சருக்குச் சொல்ல வாய் வரேல்லை, என்ன?

வேற பேர் வைச்சிருந்தாலும் பரவாயில்லை. மாக்கிறட் எண்டு என்ர பேரையே வைச்சு, என்ர வீட்டு முற்றத்திலயே எடுத்திருக்கிறீங்கள். நான் போனனான் தம்பி. கைக்குழந்தையா இருந்த மகள் அன்ரோனெற்றை இடுப்பில வைச்சுக்கொண்டு போய், அந்தக் காம்ப் வாசல் கம்பியைப் பிடிச்சு, என்ர யோசேப்பைத் தாங்கோ எண்டு தொண்டை கிழியக் கத்தினனான். கலைப்பாங்கள். திரும்பப் போவன். இதெல்லாம் உங்களுக்குச் சொன்னனான். கண் கலங்கித்தான் கேட்டனீங்கள், வெக்கமில்லாமல்.

ஓம் ஓம், விருது கிடைச்சது தெரியும். பிரான்சிலயும் காட்டினவையாம். அன்ரோனெற் இப்ப அங்கதானே. பாத்திட்டுப் போன் எடுத்தவள். அம்மா, அப்பாவை நீங்கள் ஒருக்காவும் போய்க் கேக்கேல்லையோ எண்டாள். கேட்டனான் பிள்ளை எண்டன். அப்ப ஏன் படத்தில அது இல்லை எண்டிட்டு வைச்சிட்டாள். குழந்தையா இருந்தவள், அவளுக்கு என்ன ஞாபகம்? அதுக்குப் பிறகு நான் எடுத்தாலும் எடுக்கிறாளில்லை.

மன்னிப்பெல்லாம் எனக்கு வேண்டாம், அதை நீங்களே வைச்சிருங்கோ. உங்கட போனில அடியுங்கோ, தெரியாத நம்பரெண்டா எடுப்பாள். எடுத்த உடன சொல்லுங்கோ, பிள்ளை, போகாம இருந்தது உன்ர அம்மா இல்லை, நான்தான் எண்டு.