பாலத்துச் சத்தம்

இருமாதீங்க சார். ரெக்கார்டர் ஓடுது, சிவப்பு லைட்டு எரியுது பாருங்க. என்னது, இருமலையா? வாயைத் திறந்தீங்களே, அது போதாதா?

போன தடவை எதிர் சீட்டுல ஒரு வாத்தியார். "ஆகா, என்ன பள்ளத்தாக்கு!"ன்னாரு. இவர் சொல்லித்தான் அது அங்க இருக்கா? கெட்டுது. அதுக்கு முந்தி என் மச்சான். பிஸ்கட் பொட்டலம் பிரிச்சான், சரசரன்னு. வீட்டுல போட்டுக் கேட்டா இஞ்சின் தீப்பிடிச்ச மாதிரி இருக்கு.

எனக்காகவா அலையறேன்? சம்சாரம் கால் ஒடிஞ்சு ரெண்டு மாசமா படுக்கையில இருக்கா. வருஷம் தவறாம இந்த ரயில்ல என்கூட வந்தவ. ஜன்னல் பக்கமே திரும்ப மாட்டா. கண்ணை மூடிக்கிட்டு பாலத்துச் சத்தத்தை மட்டும் கேப்பா. "அதைப் பிடிச்சுட்டு வாங்க, வேற ஒண்ணும் வேண்டாம்"னா. நீராவி இஞ்சின் இன்னிக்கோட சரி. இப்பப் போறது, சாயங்காலம் திரும்பறது, அவ்வளவுதான். நாளையிலேருந்து டீசல். டீசலாம்! அது ரயிலா சார்? மாவு மில்லு.

அந்தம்மாவைப் பாருங்க. அருவிக்கு முதுகைக் காட்டி தன்னையே போட்டோ எடுக்குது. மூஞ்சியைப் பாக்கவா டிக்கெட்டு? வீட்டுல கண்ணாடி இல்லையா?

தலையாட்டாதீங்க. காலர் உரசறது கேக்குது.

வந்துடுச்சு! பாலம்! உஷ்… கேளுங்க, முதல் தூண்கிட்ட சத்தம் மாறும்… மாறிச்சா? பதினோரு வளைவு சார். எண்ணுங்க… ஒண்ணு… ரெண்டு… இப்ப டிரைவர் ஊதுவான் பாருங்க… ஊதிட்டான்! அடடா! கேட்டீங்களா? கேளுங்க, இன்னும் மலையில எதிரொலிக்குது…

முடிஞ்சுது. ஒருத்தரும் மூச்சு விடலை, பாத்தீங்களா? அதட்டி வெச்சாத்தான் சார் நடக்கும். இருங்க, போட்டுக் காட்டறேன்.

…

யாரிது, தொணதொணன்னு? "கேளுங்க, கேளுங்க"ன்னு… இவன் கேக்க விட்டாத்தானே! ஊதின சத்தத்தையே காணோமே. அது மேலயும் ஏறி உக்காந்து கத்தறானே, யாரந்தக் கிழ…

ம்.

சாயங்காலம் நீங்களும் இதே ரயில்லதானே திரும்பறீங்க? இந்தாங்க. சிவப்பு பட்டனை அமுக்கி மடியில வெச்சுக்குங்க. நான் கடைசிப் பெட்டிக்குப் போயிடறேன்.

சிரிக்கறதை மட்டும் இப்பவே சிரிச்சு முடிச்சுடுங்க.