கருவாயனுக்கு ஒரு ஜோடி

கோம்பை நாய்க்குக் கழுத்துப் பட்டை மாட்டுவது பெரிய வேலை இல்லை, ஐயா. மாட்டிய பிறகு அதை நடக்க வைப்பதுதான் வேலை. நாய் வளர்த்த அனுபவம் தங்களுக்கு இருந்தால் நான் சொல்லப்போவதில் பாதியை விட்டுவிடலாம். உத்தமபாளையம் கோர்ட்டில் மாஜிஸ்திரேட்டாக இருப்பவருக்கு அதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கப்போகிறது. ஆதியிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் மொக்கைச்சாமி. மார்க்கையன்கோட்டையில் நஞ்சையும் தென்னந்தோப்பும் உண்டு. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் எல்லாம் ஊரில் செத்துப் போனார்கள். மற்றவர்கள் ஐயா என்பார்கள். எனக்கு நாய் ஆசையெல்லாம் கிடையாது. ஒருநாள் மேகமலை எஸ்டேட் துரை சின்னமனூர்க் கடைத்தெருவில் நடந்து போனதைப் பார்த்தேன். அவர் கையில் தோல்வார், வாரின் மறுமுனையில் நாய். தெருவே ஒதுங்கி வழிவிட்டது. துரைக்காகவா, நாய்க்காகவா என்று யோசித்துப் பார்த்தேன். வாருக்காகத்தான் என்று பட்டது.

அந்தச் சமயத்தில்தான் கலெக்டர் துரை சின்னமனூருக்கு வருகிறார், மாட்டு ஆஸ்பத்திரி திறக்கப்போகிறார் என்று தாக்கல் வந்தது. அவர் கண்ணில் படுகிறவனுக்குத்தான் பஞ்சாயத்து போர்டில் நாற்காலி. மாலையும் எலுமிச்சம்பழமும் கொண்டுபோக ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாயை வாரில் பிடித்துக்கொண்டு, அது பக்கத்திலேயே பவ்வியமாக நடந்துவர, எதிரே போய் நிற்கிறவன் இந்தப் பள்ளத்தாக்கில் எவன் இருக்கிறான். கோம்பைக்கு ஆள் அனுப்பி, செம்மண் நிறமும் கரிபிடித்த வாயுமாக ஒரு நாயை வாங்கிவரச் சொன்னேன். கோம்பையில் அதைக் கருவாயன் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். கலெக்டர் காதில் விழுகிற பெயரா அது. டைகர் என்று மாற்றினேன். கடைசிவரை அந்தப் பெயருக்கு அது திரும்பிப் பார்க்கவில்லை.

வாரைப் பிடித்து இழுத்தால் படுத்துக்கொள்ளும். இன்னும் இழுத்தால் படுத்தபடியே வரும். ஒருநாள் தெருக்கோடிவரை அப்படியே இழுத்துப் போனேன், ஏர் ஓட்டிய மாதிரி புழுதியில் தடம் விழுந்தது. வாசலில் நின்றவர்கள் சிரிக்கவில்லை, என் முன்னால் சிரிக்க மாட்டார்கள். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் போனார்கள். கறி போட்டுப் பார்த்தேன். கறியைத் தின்றுவிட்டுப் படுத்தது. பட்டினி போட்டேன். பட்டினியோடு படுத்தது. அடிக்கவில்லை. அடித்துப் பழக்குவது எனக்குப் பிடிக்காது. அது அவசரக்காரர்கள் செய்கிற வேலை.

தவசியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். என் தங்கை மகன், பொட்டிப்புரத்துக்காரன். தாய் தகப்பன் இல்லாதவன். என் ஒரே மகள் ராமுத்தாயைக் கட்டிக்கொடுத்து வீட்டோடு வைத்துக்கொண்டேன். வந்த புதிதில் அவனும் கொஞ்சம் துள்ளினான். சாயங்காலமானால் சின்னமனூர்ப் பக்கம் போவான், சீட்டியடித்துக்கொண்டு திரும்புவான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் வரும்வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பேன். நான் சாப்பிடாவிட்டால் வீட்டில் யாரும் சாப்பிட முடியாது. கொஞ்ச நாளில் போவதை விட்டான். பிறகு எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்றான். தாராளமாகப் போ என்றேன். அவன் துணிமூட்டையோடு வாசலில் இறங்கிய நேரம் எனக்கு நெஞ்சுவலி வந்தது. நிஜ வலிதான் ஐயா, நடிப்பில்லை. அவன் மூட்டையை உள்ளே கொண்டுபோய் வைத்ததும் நின்றுவிட்டது. மறுபடியும் ஒருமுறை கிளம்பினான், மறுபடியும் வலித்தது. அதற்குப் பிறகு எனக்கு நல்ல ஆரோக்கியம். சீட்டியடிப்பதும் தானாகவே நின்றுபோனது.

அந்த நாய் தவசியிடம் ஒட்டிக்கொண்டது. அவன் தோப்புக்குப் போனால் பின்னாலேயே போகும், வரப்பில் நின்றால் நிற்கும். பட்டையும் இல்லை, வாரும் இல்லை. அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, மறைக்காமல் சொல்கிறேன்.

“மாமா, கயித்த அவுத்து விட்டுட்டா அதுவா உங்க கூட வரும்” என்றான் ஒருநாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் எனக்குச் சொன்ன ஒரே யோசனை அதுதான்.

“கயிறு இல்லாம வந்தா யாருக்குடா மரியாதை?” என்றேன்.

அந்தப் பேச்சிலிருந்துதான் எனக்கு வழி பிறந்தது. தாங்கள் பட்டணத்தில் படித்தவர்கள், எங்கள் ஊர் வழக்கம் தெரிந்திருக்காது. புதுக் காளையை உழவுக்குப் பழக்க, பழகின எருது ஒன்றோடு அதை ஒரே நுகத்தடியில் பூட்டுவோம். புதுசு துள்ளும், திமிறும், படுத்துக்கொள்ளும். பழசு பாட்டுக்கு நடக்கும். கொஞ்ச நாளில் பழசின் புத்தி புதுசுக்கும் வந்துவிடும். நல்ல ஜோடி அமைவதுதான் முக்கியம். என் வீட்டில் நல்ல ஜோடி இருந்தது.

கழுத்தில் கட்டினேன் என்று ஊரில் சொல்கிறார்களாம். அது பொய். இடுப்பில்தான் கட்டினேன். அதுவும் இறுக்கு முடிச்சு இல்லை, ஒரு நுனியை இழுத்தால் கழன்றுவிடுகிற முடிச்சு. கயிற்றின் ஒரு முனை தவசி இடுப்பில், மறுமுனை நாயின் பட்டையில், நடுக்கயிறு என் கையில். தெருவில் கூட்டிப்போனேன். முதல் நாள் என் மனைவி கஸ்தூரியம்மாள் வாசலை மறித்தாள்.

“இங்கேருங்க, மருமகன நாயோட பூட்டி ஓட்டிட்டுப் போறது நல்லாவா இருக்கு? ஊருல என்ன பேசுவாக?”

“நாய் நல்லா நடக்குதுன்னு பேசுவாக” என்றேன்.

ராமுத்தாய் என்னிடம் வரவில்லை. புருஷனைத்தான் கேட்டாள். “உங்களுக்கு வாய் இல்லையா? ஒரு வார்த்த சொல்லுங்க.”

“மாமா ஒரு காரியமாச் செய்றாக. ரெண்டு நாளுல முடிஞ்சுரும், நீ உள்ள போ” என்றான் தவசி. அவன் குரலில் வருத்தம் துளிகூட இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. எந்த மாமனாருக்குத்தான் இருக்காது.

பலன் சீக்கிரமே தெரிந்தது. தவசி நடந்தால் நாய் நடந்தது, அவன் நின்றால் அதுவும் நின்றது. ஆனால் தவசியை அவிழ்த்துவிட்டு நான் தனியாகப் பிடித்தால் பழையபடி படுத்துக்கொண்டது. கலெக்டர் வர ஒரு நாள்தான் இருந்தது. எங்கே குறை என்று யோசித்தேன். நடக்கக் கற்றுக்கொண்டதே தவிர எனக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொள்ளவில்லை. எசமான் வந்து அவிழ்க்கும்வரை இருக்க வேண்டும், அது தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். தவசிக்கு அப்படித்தான் வந்தது.

காலையில் இரண்டு பேரையும் முல்லையாற்றுக்குள் கூட்டிப்போனேன். தண்ணீர் கணுக்கால் அளவுதான். நடுவில் மணல் திட்டு, அதில் ஒரு மருதமரம். வேடிக்கை பார்க்க ஆள் வராத இடம் என்பதற்காகத்தான் அங்கே போனேன், வேறு எண்ணம் இல்லை. நடுக்கயிற்றை மரத்தில் கட்டினேன்.

“நான் வந்துதான் அவுக்கணும்” என்றேன்.

“சரி மாமா” என்றான். மணலில் உட்கார்ந்தான். நாயும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தது.

பந்தல் வேலையைப் பார்க்கச் சின்னமனூர் போனேன். அங்கே காபி குடித்துக்கொண்டிருக்கும்போது தண்டோரா போட்டார்கள். மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டாயிற்று, மலையிலும் மழை, ஆற்றுக்குள் ஆளோ மாடோ இருக்கக்கூடாது என்று. எனக்குக் கேட்டது. வண்டிக்காரன் பால்பாண்டி தங்களிடம் சொன்னது உண்மைதான்.

“ஐயா, மருமகப்பிள்ளை ஆத்துக்குள்ள இருக்காகளே. வண்டியத் திருப்பட்டுமா?” என்று கேட்டான்.

“அவனுக்கு ரெண்டு கை இருக்கு” என்றேன்.

வண்டியைத் திருப்பியிருந்தால் போய்ச் சேர்ந்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாருங்கள், பாதியில் போய் அவிழ்த்தால் நாய் என்ன கற்றுக்கொள்ளும்? தண்ணீர் வந்தால் எசமான் ஓடிவருவான் என்று கற்றுக்கொள்ளும். இன்னொன்றும் இருந்தது. இதைப் போலீசில் சொல்லவில்லை, தாங்கள் கேட்பதால் சொல்கிறேன். தவசி அவிழ்ப்பானா, மாட்டானா என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. இன்னொரு காபி சொன்னேன்.

நான் வீடு திரும்பிய பிறகு நாய்தான் முதலில் வந்தது. உடம்பெல்லாம் ஈரம், கழுத்தில் கடித்து அறுத்த கயிறு. அத்தனை நாள் பாடுபட்டும் இப்படிச் செய்துவிட்டதே என்று அதைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கஸ்தூரியம்மாள் அந்தக் கயிற்றைப் பார்த்துவிட்டு ஆற்றை நோக்கி ஓடினாள். ராமுத்தாய் அவளுக்கு முன்னால் ஓடினாள்.

கரையில் துணி துவைத்த சோணையம்மாள் எல்லாம் பார்த்திருக்கிறாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோதே கத்தியிருக்கிறாள். “ஏய்யா, கயித்த அவுத்துட்டு வெளிய வாங்கய்யா, தண்ணி பெருசா வருது” என்று. அவள் இறங்க முடியாதபடி இடையில் தண்ணீரின் இழுப்பு பலமாகிவிட்டது. தவசி எழுந்து நின்று, “மாமா வந்துருவாக ஆத்தா. அவுக வந்து அவுப்பாக” என்றானாம். நாய் பல்லால் தன் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்ததாம். அவன் அதன் தலையைத் தடவிக் கொடுத்தானாம்.

தண்ணீர் வடிந்தபோது மரத்தடியிலேயே இருந்தான். எங்கும் போகவில்லை. இடுப்பு முடிச்சு நான் போட்டது போட்டபடி இருந்தது. ஒரு சுண்டு சுண்டினால் கழன்றிருக்கும், சின்னப் பிள்ளைகூட அவிழ்த்துவிடும். அவன் கை அந்த முடிச்சின் மேல்தான் இருந்தது. மூடிப் பிடித்திருந்தான், கழன்றுவிடக் கூடாது என்பதுபோல. நல்ல பிள்ளை. எத்தனை வீட்டில் இப்படி ஒரு மருமகன் அமைவான்.

தண்ணீர் வருவது தெரிந்தும் அவனைக் கட்டிய இடத்தில் விட்டு வைத்தேன். அவிழ்க்க மாட்டான் என்று உள்ளுக்குள் எனக்குத் தெரியும். அவனைச் சாக விட்டவன் நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பலவந்தம் என்று மட்டும் எழுத வேண்டாம். என் வீட்டில் யாரையும் நான் பலவந்தம் செய்ததில்லை.

மாட்டு ஆஸ்பத்திரியைக் கலெக்டர் துரை குறித்த நேரத்தில் திறந்தார் என்று கேள்விப்பட்டேன். நான் போக முடியாமல் போனது ஒரு குறைதான்.

போலீஸ் வந்து என்னைக் கூட்டிப்போனபோது கருவாயன் வாசலில் ராமுத்தாயின் காலடியில் படுத்திருந்தது. கழுத்துப் பட்டையை அவள் கழற்றி எறிந்திருந்தாள். டைகர் என்று கூப்பிட்டேன். நாயும் பார்க்கவில்லை, மகளும் பார்க்கவில்லை. அது பிடிவாதம் பிடித்த நாய், ஜோடி எவ்வளவு நன்றாக அமைந்தும் அதற்குப் பிரயோசனம் இல்லை.

ஏட்டு என் இடுப்பில் கயிறு கட்டினார். மார்க்கையன்கோட்டையிலிருந்து இங்கேவரை நடந்தேதான் வந்தோம். கயிறு ஓரிடத்திலும் விறைக்கவில்லை, வேண்டுமானால் அவரையே கேட்டுப் பாருங்கள். வழியில் பீடி பற்றவைக்க நின்றபோது அவர் கை தவறிக் கயிற்றைக் கீழே விட்டுவிட்டார். அவருக்கே அது தெரியவில்லை. நான்தான் குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டி, அவர் கையில் கொடுத்தேன். கயிறு இல்லாமல் வந்தால் யாருக்கு மரியாதை.