பஞ்சு குடோனில் நின்ற ரேஸ் கார்

“என்ஜின் ஸ்டார்ட் ஆயிரும் மாப்ள. அதுக்குள்ள கைய விடத்தான் பயமா இருக்கு.”

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில், எனக்குப் பின்னால் இருந்த மெக்கானிக் தன் தங்கை மாப்பிள்ளையிடம் சொன்னார். ஏறும்போதே ஒரு சாக்கு மூட்டையை என் காலடியில் தள்ளி வைத்திருந்தார். மில் முதலாளியின் பழைய ரேஸ் கார் பத்து வருஷமாகப் பஞ்சு குடோனில் நின்றதாம். அதை ஓட வைக்கும் வேலை இவருக்கு.

“ஏன் மச்சான், ஷாக் அடிக்கா?”

“பானெட்டத் தொறந்தா பாம்பு உரிச்ச சட்ட கெடக்கு. பளபளன்னு புதுசு.”

“பாம்பு?”

“அதத்தான் காணோம். எலி பஞ்ச இழுத்துட்டு வந்து காருக்குள்ள கூடு கட்டிருக்கு. எலியத் தேடி அவரு வந்துட்டாரு.”

“முதலாளிட்ட சொல்ல வேண்டியதான?”

“சொன்னேன். நல்ல சகுனம்ங்காரு. நாளைக்கு மகளையும் கைப்பிள்ளையையும் ஏத்திக்கிட்டு ஆண்டாள் கோயிலுக்குப் போறாராம்.”

“ஐயையோ! எல்லா எடமும் பாத்தியளா?”

“டிக்கி, சைலன்சர், டேஷ்போர்டு, அம்புட்டையும் கம்பிய விட்டுக் கொடஞ்சிட்டேன்.”

“சீட்டு மெத்தைக்குள்ள?”

மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார்.

“அது கிழிஞ்சு கெடந்துச்சு. அப்படியே கழத்தி, தைக்கக் கொண்டு வாரோம்லா.”

“எங்க வச்சிருக்கிய?”

“முன்னால, அந்த அண்ணாச்சி காலுக்குக் கீழ.”

“அவர்ட்ட சொல்லுவமா?”

“சும்மா இரு மாப்ள. பஸ்ஸே கவுந்துரும்.”

நான் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, இரண்டு கால்களையும் மெதுவாகத் தூக்கிச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டேன்.