தண்ணிக்கு சோப்பு போட்டவன்

"தண்ணிக்கு சோப்பு போட்டேன் மாமா" என்று பஸ்ஸில் முன்சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டதும் என் தூக்கம் கலைந்தது. மஞ்சக்குப்பத்தில் ஏறிய ஆராய்ச்சி மாணவன் ஒருவன் மடியில் இரண்டு பாட்டில்களை அணைத்தபடி, பக்கத்திலிருந்த அக்கா புருஷனுக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.

"தண்ணிக்கு எதுக்கு மச்சான் சோப்பு?"

"தண்ணியில கரைஞ்ச காப்பர் ரொம்பப் பொடிசு மாமா, சாதாரண ஃபில்டர்ல நிக்காது. சோப்பு மாதிரி ஒரு கெமிக்கல் போட்டா, அது உருண்டை உருண்டையாச் சேரும். காப்பர் அதுல ஒட்டிக்கும். உருண்டை பெருசு, ஃபில்டர்ல மாட்டிக்கும்."

"புரியுது. கல்யாண வீட்டுக்குத் தனியாப் போனா சாப்பிட்டதும் நழுவிடுவேன். உங்க அக்கா கூடப் போனா மாட்டிக்குவேன்."

"அதேதான். இது சோப்பு கலந்தது, இது வடிகட்டினது. இன்னிக்கி சிதம்பரத்துல கைடு முன்னாடி ரெண்டையும் டெஸ்ட் பண்ணணும். குலுக்கறேன், நுரைய பாருங்க."

குலுக்கினான். நுரை வரவில்லை. இன்னும் வேகமாகக் குலுக்கினான். பஸ்தான் குலுங்கியது.

மாமா வீட்டுக்குப் போன் போட்டு, பாட்டிலைப் பற்றிக் கேட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"அந்த பாட்டிலா?" என்றது அக்காவின் குரல். "சோப்பக் கூட சரியா அலசாம வச்சிருந்தான். ரெண்டையும் ஊத்திட்டு, நல்லா கழுவி கேன் தண்ணி புடிச்சு வச்சேன். வெயில்ல போறீங்களே, குடிச்சீங்களா?"

மாமா ஒரு பாட்டிலைத் திறந்து பாதி குடித்தார்.

"காப்பரே இல்ல மச்சான். கைடுகிட்ட உங்க அக்காவ கூட்டிட்டுப் போ."